அறையில் நாலாவது ஆள்

"வாளிக்குள்ள."

மேசைக்கு அடியிலிருந்து அந்தக் குரல் வந்தபோது அம்மாவும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. குரல் என் தம்பியுடையதுதான். ஆனாலும் எனக்கு உடம்பு சில்லிட்டது.

அம்மா போய் வாளிக்குள் பார்த்தார். காணாமல் போன பீரோ சாவி அதன் அடியில் கிடந்தது.

"எப்படிடா தெரிஞ்சுது?" என்றேன். அவன் மேசைக் காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

தம்பிக்கு ஏழு வயது. ஆட்டிசம் உள்ளவன். மறுநாள் அவனுக்கு ஒரு சோதனை இருந்தது. தேறினால் என் பள்ளிக்கூடத்திலேயே இடம். இல்லையென்றால், தொலைவில் விடுதியோடு இருக்கும் வேறொரு பள்ளி. என் கையைப் பிடிக்காமல் அவன் தூங்கவே மாட்டான்.

சோதனை நடந்த கட்டிடத்தின் வாசலில் காவலாளி குனிந்து கேட்டார்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்க கணக்குல புலியாமே? பதினேழை இருபத்தி மூணால பெருக்கினா எவ்வளவு, தம்பி?"

"அவனுக்குக் கணக்கே பிடிக்காது, மாமா. எனக்கும்தான்," என்றேன்.

உள்ளே நீண்ட நடைவழி. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்தது.

துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். தம்பி என் கையை விடவில்லை. அம்மா வெளியே நின்றார்.

அது ஜன்னல் இல்லாத அறை. சோதனை நடத்தும் டீச்சரின் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். தம்பி அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்குப் பின்னால், மேலே, எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழை வந்தா எதைப் பிடிச்சுட்டுப் போவோம்?"

பத்து விநாடி. ஸ்டாப்வாட்ச் கீச்சிட்டது. டீச்சர் ஒரு பூஜ்யம் போட்டார்.

"நாய்க்கு எத்தனை கால்?"

இன்னொரு பூஜ்யம்.

"ராத்திரி வானத்துல வட்டமா என்ன தெரியும்?"

"குடை," என்றான் தம்பி.

டீச்சர் பெருமூச்சு விட்டார். "சரி, சுலபமா ஒண்ணு. இந்த ரூம்ல எத்தனை பேர் இருக்கோம்?"

தம்பி பார்வையை எடுக்காமல் சொன்னான்.

"நாலு."

டீச்சரின் பேனா நின்றது. நாங்கள் மூன்று பேர்தான். அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெறும் சுவரும் விளக்கும்தான்.

என் கையில் ரோமம் குத்திட்டு நின்றது. அப்போதுதான் வாளி நினைவுக்கு வந்தது. சாவி எங்கே என்று அம்மா அவனிடம் கேட்டிருந்தார். ஆனால் முந்தின நாள் காலையிலேயே! பதில் வந்தது மாலையில்.

"டீச்சர், அது நாயோட கால்!"

"என்னது?"

"மழைக்குக் குடை. நாய்க்கு நாலு. எல்லாம் சரியாத்தான் சொல்றான். லேட்டா சொல்றான். கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"பத்து விநாடிதான்மா கணக்கு."

"பத்து விநாடி தாண்டினா நாய்க்குக் கால் குறைஞ்சிடுமா?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். காத்திருந்தோம். அவ்வளவு நீளமான மௌனத்துக்குள் நான் உட்கார்ந்ததே இல்லை.

"நிலா," என்றான் தம்பி.

வெகுநேரம் கழித்து, "மூணு."

டீச்சர் ஸ்டாப்வாட்சை டிராயருக்குள் வைத்து மூடினார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "அங்க மேல என்னதான்பா பாக்கறே?"

மறுபடியும் காத்திருந்தோம்.

"லைட்டு கத்துது."

டீச்சர் எழுந்து போய் விளக்கை அணைத்தார். இருட்டில் மெல்லிய ஒரு ரீங்காரம் நின்றுபோனது. நின்ற பிறகுதான் அதுவரை அது இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்து வைத்தோம். நடைவழியின் வெளிச்சம் உள்ளே வந்தது. தம்பி முதன்முறையாக மேசையைப் பார்த்தான். டீச்சர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

முடிக்க மதியம் ஆனது. என் பள்ளிக்கூடத்திலேயே அவனுக்கு இடம் கிடைத்தது.

அன்று மாலை அம்மாவும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தெரியாது."

அம்மா திடுக்கிட்டார். "என்னடா தெரியாது? யாரு கேட்டா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"காவலாளி மாமாம்மா! காலைல கணக்குக் கேட்டாரே!"