நீங்க எழுந்ததும்

மாடியறைக்குச் சாமான்கள் ஏறிய காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. பேய் குடியிருப்பதற்கான ஒரு லட்சணமும் அந்த அறைக்குக் கிடையாது. பழைய வீடுதான். மரப்படிக்கட்டின் ஒவ்வொரு படியும் ஏறுகிறவர்களின் எடையைப் பற்றி உரக்க அபிப்பிராயம் சொன்னது. கீழே ஒரு தையல் கடை. மேலே ஒரு ஜன்னல், ஒரு மேசை, பிரம்பு பின்னிய ஒரு நாற்காலி. ஈரத்துணியைப் பைக்குள்ளேயே மறந்துவிட்டால் நாலு நாள் கழித்து ஒரு வாடை வருமே, அந்த வாடை.

“புறா எச்சத்தைப் பத்தி எழுதறதுக்கு மேடத்துக்குத் தனி பங்களா வேணுமாக்கும்,” என்று அண்ணன் பெட்டியை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

“உன் ரெட்டை வாலுங்க இருக்கற வீட்டுல எழுதினா, அதுங்க எச்சத்தைப் பத்திதாண்ணா எழுத முடியும்.”

“சரி, எப்ப முடிப்பே?”

“இன்னிக்கே.”

அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். “என்னது? நாளைக்காரி வாயில இன்னிக்கேவா? ஐயோ, எனக்கு மயக்கமா வருதே!”

நாளைக்காரி என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பாள். பிறந்ததே டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் கழித்துத்தான், அதுவும் அரை மனசோடு, என்று அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவாள். நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்ற காணொளிகளை ஒன்றரை வேகத்தில் பார்த்துப் பார்த்தே ஒரு முழுக் கல்லூரிப் பருவத்தைக் கரைத்தவள் அவள். செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைக்க ஏழு செயலிகள் வைத்திருந்தாள். எந்த வேலையை எந்தச் செயலியில் குறித்தோம் என்று தேட எட்டாவதாக ஒன்று.

நகரத்துக் கட்டடங்களைப் புறா எச்சம் எப்படி அரிக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. கடைசி அத்தியாயம் பாக்கி. “மூணு தடவை நீட்டிச்சாச்சும்மா. ரப்பர்கூட இதுக்கு மேல நீளாது,” என்று பேராசிரியை சொல்லிவிட்டார். இன்று மாலைக்குள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். படித்த வருஷமெல்லாம் அதோடு போச்சு.

அதனால் நாளைக்காரி தன்னைத்தானே கைது செய்துகொண்டாள். நேரம் முடிந்தால் மட்டுமே திறக்கும் பூட்டுப்பெட்டி ஒன்று வாங்கியிருந்தாள். அதற்குள் போனை வைத்து, மாலை வரைக்கும் என்று திருகினாள். கணினியில் எல்லாத் தளங்களையும் தடை செய்தாள். இரண்டே இரண்டுக்கு அனுமதி. ஒன்று, ஆய்வுக் கோப்பு. அதைத் தோழி சுருட்டையும் தன் வீட்டிலிருந்து திறந்து பிழை திருத்திக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பேராசிரியைக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. இன்னொன்று, படிப்பறை.

படிப்பறை என்றால் இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் கேமராவைப் போட்டுக்கொண்டு சேர்ந்து படிக்கும் இடம். முகம் காட்டுவது வழக்கமில்லை. கேமராவைக் கீழே சாய்த்து, மேசையையும் கைகளையும் மட்டும் காட்டுவார்கள். மைக்கே கிடையாது. எதிரே யாரோ ஒருவர் படிக்கிறார் என்கிற வெட்கத்திலேயே நமக்கும் படிப்பு ஓடும். கூட்டமான அறைகளைத் தாண்டிப் போய், ஒரே ஓர் ஆள் இருந்த அறையில் நுழைந்தாள்.

அந்த ஆளின் பெயர் ‘இருக்கேன்’.

திரையில் இரண்டு கைகள். வெளுத்த, மெலிந்த கைகள். ஒன்று காகிதத்தை அழுத்திப் பிடித்திருக்க, மற்றது எழுதிக்கொண்டே இருந்தது. தலையைச் சொறியவில்லை. கொட்டாவிக்கு வாய் பொத்தப் போகவில்லை. அடேயப்பா, இது மனுஷக் கையா, மெஷினா என்று நாளைக்காரி வாயைப் பிளந்தாள். அந்தக் கைகளைப் பார்த்தே முதல் மூன்று பக்கத்தை எழுதிவிட்டாள். அவள் வாழ்நாளில் அது ஒரு சாதனை.

பிறகு வழக்கம்போல் உடம்பு பரபரத்தது. தண்ணீர் குடிக்கலாமா? ஜன்னலைத் துடைக்கலாமா? ஜென்மத்தில் துணி மடிக்காதவளுக்குப் பெட்டியிலிருக்கும் துணியை மடித்தால் என்ன என்று தோன்றியது. எழுந்தால் தொலைந்தோம் என்று அவளுக்கே தெரியும். படிப்பறைக்காரர்களுக்குள் இதற்கு ஒரு வழக்கம் உண்டு, கட்டுப்பாடு போட்டுக்கொள்வது. அரட்டைப் பெட்டியில் தட்டினாள்.

‘நீங்க எழுந்ததும்தான் நான் எழுந்திருப்பேன். அதுவரைக்கும் இந்த நாற்காலியை விட்டு அசைய மாட்டேன். இது சத்தியம்.’

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

அன்று அது நின்றது அதுவே முதல் தடவை.

‘நானும்,’ என்று பதில் வந்தது. பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

வேலை பறந்தது. சொற்கள் தாமாக வந்து விழுந்தன. இத்தனை வருஷமாக இந்த மூளையை எங்கே ஒளித்துவைத்திருந்தேன் என்று அவளே அசந்து போனாள். வெளியே மேகம் கவிந்து பகல் சாம்பல் நிறமானது. மழை பிடித்தது. கீழே தையல் மெஷின்கள் கடகடத்தன. தாகம் தொண்டையை அறுத்தபோதுதான் தலை நிமிர்ந்தாள்.

தண்ணீர் பாட்டில் பெட்டி மேல் இருந்தது. இரண்டு எட்டு வைக்கும் தூரம்தான்.

எழுந்தாள்.

எழவில்லை.

கால் மரத்துப்போச்சு என்று சிரித்துக்கொண்டாள். தொடையைத் தட்டினாள். வலித்தது. கிள்ளினாள். நன்றாகவே வலித்தது. கால்கள் உயிரோடுதான் இருந்தன. அவள் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மேசை விளிம்பைப் பிடித்து உந்தினாள். நாற்காலியோடு சேர்த்து எழப் பார்த்தாள். அந்த ஓட்டைப் பிரம்பு நாற்காலி மலையைக் கொண்டுவந்து தரையில் நட்டது போல் நின்றது.

முதல் முறையாகத் திரையை உற்றுப் பார்த்தாள்.

அந்தப் புறங்கைகளின் வெளுப்பு தோலின் வெளுப்பு இல்லை.

தூசி.

காகிதத்தை அழுத்தியிருந்த கையின் மேல் தூசி பஞ்சு மாதிரி படிந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து மேசைக்குச் சிலந்திவலை இறங்கியிருந்தது. பழைய வலை. அழுக்கேறிய வலை.

அரட்டைப் பெட்டியில் கேட்டாள். ‘நீங்க எப்ப எழுந்திருப்பீங்க?’

‘நீங்க எழுந்ததும்.’

‘நான் நீங்க எழுந்தாதான் எழ முடியும்.’

‘ஆமா.’

‘விளையாடாதீங்க. எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கீங்க?’

‘இருக்கேன்.’

கணினியை அறைந்து மூடினாள். கால்கள் அசையவில்லை. மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

மூடிய கணினிக்குள் பேனா கீறிக்கொண்டிருந்தது.

மைக்கே இல்லாத அறை அது.

“அக்கா! தையலக்கா! யாராவது மேல வாங்களேன்!” என்று கத்தினாள். ஊரைக் கூட்டும் குரல் அவளுக்கு. அண்ணனின் இரட்டையர்களையே அடக்கிய குரல். நாலு மெஷினும் மழையும் சேர்ந்து அதைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டன. போன் பூட்டுப்பெட்டிக்குள் அதிர்ந்தது. அம்மாவாக இருக்கும், சாப்பிட்டியா என்று கேட்க. பெட்டியைக் குத்தினாள், கடித்தாள், மேசையில் ஓங்கி அடித்தாள். நல்ல தரமான பெட்டி என்று அவளே இணையத்தில் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து வாங்கியது. கீறல்கூட விழவில்லை. போன் நின்றுவிட்டது.

தன் புறங்கையைப் பார்த்தாள். மெல்லிய தூசி. துடைத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி தூசி. விளக்கிலிருந்து ஒரு சிலந்தி நூல் பிடித்து இறங்கி, அவள் மணிக்கட்டில் நின்று, இடம் பார்ப்பது போல் சுற்றி வந்தது. ஊதித் தள்ளினாள். அது அவசரமே படாமல் மறுபடி இறங்கியது.

அழுகையோடு கணினியைத் திறந்தாள். தடை செய்யாத இன்னொரு வழி உண்டே! ஆய்வுக் கோப்பில், ‘புறா எச்சத்திலுள்ள அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது’ என்ற வரிக்குக் கீழே அடித்தாள்.

‘சுருட்டை உடனே வா. என்னால நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியல. சத்தியமா.’

ஓரத்தில் சுருட்டையின் குறிப்பு முளைத்தது: ‘இந்த வரிக்கு ஆதாரம் எங்கே?’

‘விளையாடாதடி! செத்துடுவேன் போலிருக்கு.’

‘அத்தியாயத்தை முடிச்சுட்டுச் சாவு. நானும்தான் காலைலேர்ந்து எழுந்திருக்கல. அதுக்குப் பேரு சோம்பல்.’

‘அம்மா மேல ஆணை.’

‘போன வாரமும் அம்மா மேல ஆணைன்னுதானே சொன்னே? வயித்து வலின்னு சொல்லிட்டு சீரியல் பார்த்தவதானே நீ?’

நாளைக்காரி மேசையில் முகம் புதைத்து அழுதாள். இத்தனை வருஷம் சொன்ன அத்தனை சாக்கும் வரிசையாக வந்து கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டது போல் இருந்தது. அழும்போதும் விரல்கள் நிற்கவில்லை. அதுதான் கொடுமை. அவள் தலை கவிழ்ந்திருக்க, விரல்கள் தம் பாட்டுக்கு அத்தியாயத்தை எழுதின. முடிவுரை எழுதின. அடிக்குறிப்புகள் போட்டன. முடித்துவிட்டு, நிற்காமல் முதல் வரியிலிருந்து மறுபடி எழுதின.

கோப்பின் ஓரம் வெகுநேரம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு சுருட்டை கேட்டாள்.

‘ஏய். முடிச்சுட்டியா?’

நாளைக்காரியின் விரல்கள் முதல் வரியை மறுபடி அடித்துக்கொண்டிருந்தன.

‘அடிக்குறிப்புகூடப் போட்டிருக்கே. ஒரு பிழைகூட இல்ல. மாலைகூட ஆகலையே. நீதானா இது?’

‘அய்யோ. வரேன். அங்கேயே இரு.’

உதவி கேட்டுக் கதறியதற்கு வராதவள், வேலையை முன்கூட்டியே முடித்ததைப் பார்த்துக் கொட்டும் மழையில் ஓடி வந்தாள். வருகிற வழியில் தையலக்காவையும் இழுத்துக்கொண்டு படியேறினாள். கதவைத் திறந்ததும் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நாளைக்காரியின் தலைமுடி முழுக்க நரைத்தது போல் தூசி. முழங்கையிலிருந்து மேசை வரைக்கும் வலை.

“என்னடி இது கோலம்?”

“அது எழுந்தாதான் நான் எழ முடியும். நான் எழுந்தாதான் அது எழும்,” என்று அவள் முனகினாள். “சத்தியம் பண்ணிட்டேன்டி.”

சுருட்டை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தையலக்கா இடுப்பைப் பிடித்தாள். பத்துப் பேர் கூடினாலும் கிளம்பாத கனம்.

“எழ முடியாட்டி எழாதே,” என்றாள் சுருட்டை மூச்சிரைக்க. “விழு. அக்கா, நாற்காலியைப் பின்னால சாயுங்க!”

இருவரும் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தொங்கினார்கள். தரையிலிருந்து ஒரு மரம் வேரோடு பிடுங்கப்படுகிற சத்தம் வந்தது. நாற்காலி மல்லாந்தது. நாளைக்காரி தரையில் உருண்டாள். பிரம்பிலிருந்து உடம்பு பிரிந்த நொடியே கால்கள் அவளுடையவை ஆயின.

துள்ளி எழுந்து நின்றாள். “எழுந்துட்டேன்! சுருட்டை, எழுந்துட்டேன்டி!” கட்டிப்பிடித்து அழுதாள், சிரித்தாள், தையலக்காவின் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டாள்.

திரையில் பேனா நின்றிருந்தது.

தூசி படிந்த கைகள் காகிதத்தை ஓரமாக நகர்த்தின. மெதுவாக, அவசரமே இல்லாமல் மேசையின் விளிம்பைப் பிடித்தன. வலை இழை இழையாக அறுந்தது. கைகள் உந்தி எழுந்து படத்தை விட்டு மேலே போயின.

பின்னால் ஒரு நாற்காலி தெரிந்தது. பிரம்பு குழிந்து கிடந்தது.

‘இருக்கேன் வெளியேறினார்,’ என்றது படிப்பறை.

மூவரும் படிக்கட்டில் எப்படி இறங்கினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. சாமான்களை அண்ணன்தான் மறுநாள் போய் எடுத்து வந்தான், வழியெல்லாம் திட்டிக்கொண்டே. அத்தியாயம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பேராசிரியை அதைப் படித்துவிட்டு, இது இவள் எழுதியதுதானா என்று இரண்டு பேரிடம் விசாரித்தாராம். பெயர் நீங்கவில்லை. அதற்குப் பிறகு நாளைக்காரி கணினியை நின்றுகொண்டேதான் தட்டினாள். சாப்பிடுவதும் நின்றுகொண்டேதான். அம்மா என்ன திட்டியும் கேட்கவில்லை.

ஆய்வை எல்லார் முன்னாலும் வாசிக்கும் நாள் வந்தது. கல்லூரி அரங்கத்தில் நல்ல வெளிச்சம், நல்ல கூட்டம். ஆள் எழுந்தால் தானாக மடிந்துகொள்ளும் இருக்கைகள். வேறு வழியில்லாமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுருட்டை முன் வரிசையிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நாளைக்காரிக்குப் பக்கத்து இருக்கை காலி.

மேடைக்கு அவளை அழைத்தார்கள். ஒரு கணம் தயங்கி, கால்களை நம்பி, எழுந்தாள். எழ முடிந்தது! அவளுடைய இருக்கை பின்னால் டப்பென்று மடிந்தது.

உடனே, பக்கத்து இருக்கையும் மடிந்தது.