ஏழாவது தொட்டியில் எண்பது உயிர்!

பிணத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது!

மீன் தொட்டிகள் அடுக்கிய, ஜன்னல் இல்லாத அறை. கும்மிருட்டு. சட்டைத் துணிக்குள் அந்தச் சின்ன வெளிச்சம் மட்டும் நீலமாக மினுங்கியது... அணைந்தது... மறுபடி மினுங்கியது.

கண்ணாடிக்காரன் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு நின்றான்.

இழுத்துப் பார்த்தாயிற்று. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. விரல் நுனியை இடுக்கில் விட்டு நெம்பிப் பார்த்தாயிற்று. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கதவு இம்மியும் அசைவதாக இல்லை!

தரையில் கிடப்பது அவனுடைய அத்தான்.

கொன்றது அவன்.

போனில் கூப்பிடுவது அவனுடைய அக்கா. அவள் அழைப்புக்கு மட்டும் அத்தான் தனியாக ஒரு மணியோசை வைத்திருந்தார். சின்னக் குழந்தை சிரிக்கிற சத்தம். அது இப்போது பிணத்தின் நெஞ்சின்மேல் சிரித்துக்கொண்டிருந்தது.

'நிறுத்து... நிறுத்தித் தொலை...'

எடுத்து அணைத்துவிடலாம்தான். ஆனால் அதற்கு அந்த நெஞ்சைத் தொட வேண்டும். இரண்டு தடவை குனிந்தான். இரண்டு தடவையும் கை பின்வாங்கியது. கொல்லத் துணிந்த கைக்குத் தொடத் துணிவில்லை!

சிரிப்பு நின்றது.

மணி பிற்பகல் மூன்று இருக்கும். கணக்குப்படி இந்நேரம் அவன் தன் கடையில் நின்று யாருக்கோ ஜன்னல் கண்ணாடி அறுத்துக் கொண்டிருக்க வேண்டும். அப்படிச் சொல்வதற்காகத்தான் தன் போனைக்கூடக் கடை மேஜையிலேயே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்திருந்தான். எல்லாம் பக்காவாகத்தான் போட்டிருந்தான் திட்டம்.

பத்து நிமிடம் முன்பு வரை எல்லாம் சரியாகவே நடந்தது...

"அத்தான், பதினொண்ணாம் தொட்டியில ஃபில்டர் ஸ்பாஞ்சு கழண்டு மிதக்குது பாருங்க."

"நீயே மாட்டிடேன் மச்சான்."

"என் கையெல்லாம் சிலிக்கான் பசை. தண்ணில பட்டா அவ்வளவுதான்."

"அதுவும் சரிதான். தள்ளு."

அத்தான் சட்டையின் முழுக்கையைச் சுருட்டினார். தபால் ஆபீஸில் முத்திரை குத்திக் குத்தி உரமேறிய கை. ஹீட்டர் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை விடுகிற கெட்ட பழக்கம் அவருக்கு. அக்கா எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள். கேட்டால்தானே?

அந்த ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் முந்தின நாள் சாயங்காலமே கீறல் போட்டாயிற்று.

"ஆ...!"

ஒரே ஒரு அலறல். அத்தான் மரம் மாதிரி சாய்ந்தார். அதே நொடியில் அறையின் விளக்குகள் அத்தனையும் அணைந்தன. ஃபியூஸ் போயிருக்கும்!

கண்ணாடிக்காரன் தடவித் தடவிக் கதவைத் திறந்தான். பளீரென்று பகல். இருபது எட்டில் பின்வாசல். ஈ காக்கை இல்லை.

ஒரு காலை வெளியே வைத்தான்.

அப்போதுதான் காதில் விழுந்தது...

நிசப்தம்!

நாற்பது தொட்டிகளிலும் குபுகுபுவென்று ஓயாமல் கேட்கிற அந்தச் சத்தம் இல்லை. தொட்டிகளுக்குப் போகிற காற்று நின்றுவிட்டது!

உங்களுக்கும் எனக்கும் இது ஒரு விஷயமே இல்லை. போடா என்று ஓடிப் போயிருப்போம். ஆனால் அவன் அந்த நாற்பது தொட்டிகளையும் தன் கையால் கண்ணாடி அறுத்து ஒட்டியவன். விரல் நீளம்கூட வளராத குள்ள சிக்லிட் மீன்கள். ஐந்து வருடமாக அவனும் அத்தானும் ஜோடி பார்த்து, குஞ்சு பார்த்து, கழித்துக் கட்டி, ஒருவழியாக ஏழாவது தொட்டியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், துடுப்பு முழுக்கச் செக்கச்செவேலென்று ஒரு வம்சத்தை. அதன் தாய் உடம்பெல்லாம் மஞ்சள் ஏறி, எண்பது குஞ்சுகளைக் கட்டி மேய்த்துக் கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் கடுகத்தனை. நேற்றுத்தான் நீந்தவே ஆரம்பித்திருந்தன.

சூடான தண்ணீரில் காற்று தங்காது. நர்ஸ் வேலைக்குப் போயிருக்கும் அக்கா திரும்பி வர மணி ஐந்தாகும்.

அதுவரை எண்பதும் தாங்குமா?

'பேட்டரி பம்ப் ஏழாவதுக்குப் பக்கத்துலயேதான் இருக்கு. அரை நிமிஷ வேலை...'

திரும்பினான்!

வாசல் வெளிச்சம் எட்டாத உள்பக்கம் தடவிக்கொண்டு போனான். அத்தானின் காலைத் தாண்டினான். ரப்பர்க் குழாயை ஏழாவதில் விட்டான். ஸ்விட்சைத் தட்டினான். குபு... குபு... குபு...

'அப்பாடா!'

டொக்!

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்றில் சாத்தியிருக்கும் என்று நினைத்தான். அறையின் ஈரத்தில் ஊறி ஊறி உப்பிய மரக்கதவு. முன்பும் இரண்டு தடவை இறுகியிருக்கிறது. வெளியிலிருந்து ஓங்கித் தள்ளினால்தான் திறக்கும். அதாவது, யாராவது வந்தால்தான் அவன் வெளியே போக முடியும். யாராவது வந்தால்...

வியர்வை முதுகில் ஆறாக ஓடியது. சுவரெல்லாம் தெர்மாகோல். உள்சூடு வெளியே போகாமலிருக்க ஒட்டியது. அதையும் ஒட்டியவன் அவன்தான்.

காலடிச் சத்தம்!

"ஏங்க... உள்ளயா இருக்கீங்க? போன் சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது. எடுக்க மாட்டேங்கிறீங்க!"

அக்கா! இரண்டு மணி நேரம் முன்னதாகவே!

பதில் சொல்லாவிட்டால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். கண்ணாடிக்காரன் கதவிடுக்கில் வாயை வைத்தான்.

"அக்கா... நான்தான்."

"நீயாடா? கடைக்குப் போகலையா?"

"குஞ்சு எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன்."

"அவர் எங்க?"

'அக்கா, ஓடி வா, அத்தானைக் கரண்ட் அடிச்சிடுச்சு!' என்று அந்த இடத்தில் கத்தியிருந்தால் உலகம் நம்பியிருக்கும். தப்பித்தும் இருப்பான். ஆனால் பயந்தவன் வாயில் உண்மை முதலில் வருவதில்லை.

"வெளிய போயிருக்கார்."

"எங்க?"

"தொட்டில போட பாதாம் இலை பொறுக்கிட்டு வரேன்னு போனார்."

"போனை விட்டுட்டா?"

"மறந்துட்டார் போல."

"குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கையில வெச்சுக்கிட்டுப் போற மனுஷன்டா அவரு!"

"எனக்கு என்னக்கா தெரியும்? கதவு இறுகிடுச்சு. வெளியிலேர்ந்து கொஞ்சம் தள்ளேன்."

"இதோ தள்ளறேன்."

"நில்லு, நில்லு! மெதுவா! முழுசாத் திறக்காதே!"

"ஏன்டா இப்படிக் கத்தறே?"

"திடீர்னு வெளிச்சம் பட்டா ஏழாவது தொட்டித் தாய் மிரண்டுடும். மிரண்டா குஞ்சையெல்லாம் தின்னுடும். ஒரு சாண் மட்டும் தள்ளு. நான் ஒருக்களிச்சு வெளிய வந்துடறேன். நீ உள்ள எட்டிப் பார்க்காதே."

"பெத்த குஞ்சையேவா தின்னும்?"

"பயந்தா தின்னும்க்கா."

கண்ணாடிக்காரன் நெற்றியைக் கதவில் முட்டுக் கொடுத்து நின்றான். இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் அக்கா. அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரி விட்டவள். அவள் கை தவறிக்கூடப் பதினொண்ணாம் தொட்டியில் படக்கூடாது என்பதற்காகத்தான், அவள் வேலைக்குப் போகும் நேரமாகப் பார்த்து அவன் நேரிலேயே வந்து நின்றான். கொலைகாரனுக்கும் அக்கா என்றால் அக்காதான்.

"எத்தனை குஞ்சுடா?" அக்காவின் குரல் கம்மியிருந்தது.

"எண்பது."

"எண்பதையும் காப்பாத்தத்தான் உள்ள நிக்கிறியா?"

"ஆமாக்கா. கதவைத் தள்ளேன்!"

"அவர் நிஜமா வெளியதான் போயிருக்காரா?"

"சத்தியமா!"

"என் மேல சத்தியமா?"

பம்ப் மட்டும் குபுகுபு என்றது. அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது. வெளியே போக வேண்டும். எப்படியாவது வெளியே போக வேண்டும். அதைத் தவிர அந்த நேரத்தில் அவனுக்கு வேறு சாமி இல்லை.

"உன் மேல சத்தியமாக்கா."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

உடனே, குழந்தை சிரித்தது!

மறுபடியும் போன்! இருட்டில் நீல வெளிச்சம்! கண்ணாடிக்காரன் வெடுக்கென்று திரும்பினான்.

நீல வெளிச்சத்தில் ஒரு கை மெல்ல மேலே வந்தது.

சட்டைப் பைக்குள் போனது.

போனை எடுத்தது. காதில் வைத்தது!

"ம்... கேட்டேன்மா. எல்லாத்தையும் கேட்டேன். விளக்கைப் போடு," என்றார் அத்தான்.

"ஆஆஆ...!"

கண்ணாடிக்காரன் அலறிய அலறலில் ஏழாவது தொட்டித் தாய் நிஜமாகவே மிரண்டிருக்கும்!

பளிச்! நாற்பது தொட்டிகளிலும் விளக்கு எரிந்தது. நாற்பது தொட்டிகளிலும் காற்று வந்தது. வெளியே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு இறுகவே இல்லை. அக்காதான் அதைச் சாத்தி, சத்தமில்லாமல் தாழ் போட்டிருக்கிறாள்!

அவளுக்குப் பின்னால் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு ஆள் உள்ளே வந்தார். இன்ஸ்பெக்டர்.

"நல்ல வெக்கை சார் உங்க ரூம்ல," என்றார் அத்தானைப் பார்த்து.

அத்தான் எழுந்து உட்கார்ந்து முழங்கையைத் தடவிக் கொண்டார். "விழுந்ததுல இதுதான் சார் அடி. மத்தபடி ஒண்ணுமில்ல."

"எப்... எப்படி..." கண்ணாடிக்காரனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பதினொண்ணுல இருந்த ஜோடியை நேத்து ஏன்டா மச்சான் பதினாலுக்கு மாத்தினே?" அத்தான் கேட்டார். "இன்னிக்கோ நாளைக்கோ முட்டை போடற ஜோடி. அதைக் கிளப்பற அளவுக்கு நீ முட்டாள் இல்ல. அப்ப தொட்டியிலதான் ஏதோ கோளாறுன்னு காலைல தேடினேன். ஹீட்டர்ல முடி மாதிரி ஒரு கீறல். கண்ணாடி அறுக்கற வைரமுனைக் கீறல். இந்த வீட்ல வைரமுனை பிடிக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

மீனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று நினைத்தான் அந்த மகாபாவி!

"நீங்க கீறின ஹீட்டர் என் பையில பத்திரமா இருக்கு. இப்ப தொட்டில இருக்கறது புதுசு," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா ஒரு கீறலை வெச்சு உங்களை என்ன பண்ண முடியும்? தெரியாம பட்டுதுன்னுவீங்க. அவர் விழுந்ததும் ஓடிப் போயிருந்தா, கடையிலதான் இருந்தேன்னுவீங்க. ஆள் கையும் களவுமா இங்கயே நிக்கணுமே, என்ன பண்றதுன்னு கேட்டேன். உங்க அத்தான் என்ன சொன்னார் தெரியுமா?"

அத்தானே சொன்னார். "'நான் செத்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான் சார். தொட்டில காத்து நின்னா ஓடி வந்துடுவான்'னு சொன்னேன் மச்சான். நான் அலறினதும் உங்க அக்கா ஃபியூஸைப் பிடுங்கினா. அவ்வளவுதான்."

"ஏன்டா?" உள்ளே வந்த பிறகு அக்கா இப்போதுதான் வாயைத் திறந்தாள். "உனக்கு என்னடா குறை வெச்சார் அவர்?"

அந்தக் கேள்வியில் கண்ணாடிக்காரனுக்குள் ஏதோ உடைந்தது. அத்தனை நேரம் அடக்கியது கொட்டியது.

"இந்தச் சிவப்பு மீனுக்காகப் பத்திரிகை அட்டையில உங்க படத்தோட என்ன போட்டான்? 'தனி ஒருவரின் சாதனை'! தனி ஒருவர்! அஞ்சு வருஷம் தண்ணி தூக்கினது யாரு? தொட்டி ஒட்டினது யாரு? ஜோடி சேர்த்தது யாரு? என் பேரு எங்கே அத்தான்?"

அத்தான் தலையைத் தாழ்த்திக் கொண்டார். "சொல்லியிருக்கணும். சொல்லலை. அது என் தப்புதான். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பேனே மச்சான்..."

"அதைக் கேட்டா வாங்கணும்?"

அக்கா அத்தானை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என் தலையில கை வெச்ச மாதிரி சத்தியம் பண்ணினியேடா... மீனுக்காகத் திரும்பி வந்தே. எனக்காக ஒரு உண்மை சொல்லத் தோணலையா உனக்கு?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. இருட்டில் அடைபட்டுக் கிடந்தபோதுகூட அவனுக்கு இவ்வளவு மூச்சு முட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார். "போலாமா?"

நடந்தான். வாசல் வரை போனான். நின்றான். ஏழாவது தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். தாய் மிரளவில்லை. எண்பதும் அதன் வயிற்றடியில் புள்ளி புள்ளியாகத் திரண்டிருந்தன.

"சார்... மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை தீனி போடணும். தனித் தொட்டி, சுத்தமான தண்ணி... இல்லைன்னா தங்காது. யார் சார் பார்த்துப்பாங்க?"

"அதை உங்க அத்தான் பார்த்துப்பார். உங்களை நாங்க பார்த்துக்கறோம்," என்றபடி இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டினார். "உங்களுக்கும் தனித் தொட்டிதான் சார். வேளா வேளைக்குத் தீனி வந்துடும், காத்து வரும்... ஜோடி மட்டும்தான் சேர்க்க மாட்டோம்!"