தொட்டி வழியுது பாரு

ஓரிக்கைச் சாலையில் வயல் பார்த்த மனநல மருத்துவமனை. பகல் ஷிஃப்டுக்கு வந்த நர்ஸ் கிறிஸ்டோபர், கை கழுவிவிட்டு ஆண்கள் வார்டுக்குள் நுழைந்தான். பினாயில் வாசனைக்கு அடியில் ஈரச் சிமெண்டு வாசனை. மழை பெய்து பல நாளாகியிருந்தது.

கடைசிக் கட்டிலில் தேவேந்திரன், சின்ன காஞ்சிபுரத்து நெசவாளி, சுவரில் காது வைத்துப் படுத்திருந்தார்.

“பிரதர், ஒரு பொம்பள பேசிக்கினே இருக்குது.”

“என்ன சொல்லுது?”

“மோட்டார நிறுத்தினியா, தொட்டி வழியுது பாருன்னு. ஆவிக்கு எதுக்குபா கரண்டு பில்லு கவல?”

சிரித்தார். கிறிஸ்டோபர் சிரிக்கவில்லை.

வீட்டில் தினமும் மாடிப்படியில் நின்று இதே கேள்வியைக் கேட்டவள் சுகாசினி. அவன் மனைவி. போன மழைக்காலத்தில் டெங்குவில் போனவள். அவளைப் பற்றி எந்த நோயாளியிடமும் அவன் பேசியதில்லை.

குரல் கேட்பதாக நோயாளி சொன்னால், அவர் சொன்ன வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். அந்தக் குரலோடு பேச்சு வளர்க்கக் கூடாது. சொந்தத் துக்கம் வார்டுக்குள் வரக் கூடாது. பயிற்சி மாணவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுப்பது.

எழுதினால் டாக்டர் மருந்தை மாற்றுவார். குரல் நின்றுவிடும்.

‘புதிய தொந்தரவு இல்லை’ என்று எழுதினான்.

மறுநாள் தானே போய்க் கேட்டான். “வலி இருக்குதான்னு கேளுங்க.”

தேவேந்திரன் காதை அழுத்தினார். “இப்ப இல்லியாம். தாகந்தான் அடங்கலியாம்.”

அதன்பின் தினமும் கேட்டான். ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதென்று தேவேந்திரன் தூக்கத்தை விட்டார். சோற்றையும் விட்டார். கன்னம் ஒட்டிப்போனது. அவர் காது பதிந்த இடத்தில் மட்டும் சுவர் ஈரமாக இருந்தது.

வார்டு பொறுப்பிலிருந்த நிக்கத் சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். “ஆளு உருகிப்போயிட்டாரு. நீ தொந்தரவு இல்லன்னே எழுதிக்கினு இருக்கியேபா?”

அவன் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தான்.

மாலையில் தேவேந்திரனின் மனைவி அம்சா சாப்பாட்டுக் கேரியருடன் வந்தாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

“பேசாதன்றாரு, பிரதர். என் பேச்சு எடஞ்சலாம். அது சொல்றது காதுல விழலியாம்.” கேரியரைத் திறக்கவேயில்லை. “நான் உசுரோடதானே நிக்கிறேன்?”

கிறிஸ்டோபர் மேசைக்குப் போனான். தேவேந்திரன் சொன்னதையெல்லாம் எழுதினான். தான் கேட்ட கேள்விகளையும் எழுதினான். கையெழுத்திட்டான்.

நிக்கத் படித்தார். கேஸ் ஷீட்டை மூடினார். “நாளைலேர்ந்து வேற வார்டு பாத்துக்கப்பா.”

டாக்டர் அப்போதே வந்து ஊசியை மாற்றினார். மருந்து ஏறும்போது தேவேந்திரனின் குரல் தணிந்தது.

“பிரதர்.”

“ம்.”

“அது போவுது. எதனா சொல்லணுமான்னு கேக்குது.”

சொல்ல நிறைய இருந்தது.

“தூங்குங்க” என்றான்.

அவர் கண்கள் மூடின. அம்சா கட்டிலருகே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் பினாயில் வாசனை மட்டும் இருந்தது.

யாருமில்லாத வீட்டுக்கு வந்ததும் மோட்டாரைப் போட்டான். விளக்கைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். தொட்டி நிறைந்தது. வழிந்தது. மாடியிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.

அவன் எழவில்லை.

அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தான்.

எந்தக் குரலும் வரவில்லை.

மோட்டார் நின்றது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தான். மோட்டார் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சின்னதாக ஒரு விரல் தடம், ஈரம் காயாமல்.