அலை அடங்கிய முக்கால் மணி நேரம்

முதலில் நின்றது இரைச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றே முக்கால். காலையிலிருந்து ஹெட்ஃபோனுக்குள் எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரிந்துகொண்டிருந்த சத்தமும், அதன் மேல் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளிக்கொண்டு கூப்பிட்ட ஊர் பேர் தெரியாத நூறு குரல்களும், பத்தே நொடியில் தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போய்விட்டன. கடைசியாகப் பேசியவர் தன் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘ஐம்பத்து’ வரைக்கும் வந்தது. மீதி வரவில்லை.

ஹலோ சார் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். கம்பியை ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் பூராவும் கிரீஸும் கம்பி வடமுமாகக் கிடப்பவர், விடுமுறை நாளில் மாடியில் ஏரியல் கம்பி கட்டி ‘ஹலோ, ஹலோ’ என்று தெருவுக்கே கேட்கக் கத்துவதால் அக்கம்பக்கத்தில் வைத்த பெயர் அது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இன்றைக்கு நடப்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஹாம் ரேடியோ போட்டி, வீட்டிலிருந்தே வானொலியில் ஊர் ஊராகப் பேசுகிறவர்களுக்கானது. எத்தனை நிலையங்களோடு பேசுகிறோமோ அத்தனை புள்ளி. சும்மா குசலம் விசாரித்தால் போதாது. இரண்டு பக்கமும் வயதைச் சொல்லி, சொன்னதை மற்றவர் வாங்கிக்கொண்டால்தான் தொடர்பு முடிந்ததாக அர்த்தம்.

இந்த வருஷம் குடும்பப் பிரிவில் பதிந்திருந்தார். அவரும், ஒன்பது வயது மகளும். ஒரே நிலையத்தோடு அப்பா ஒருமுறை, மகள் ஒருமுறை பேசலாம். ஆனால் அவரவர் வயதை அவரவர் வாயால்தான் சொல்ல வேண்டும், அதில் மட்டும் விதி கறார். வாலு (வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்) ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தாள். இன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. பக்கத்து அறையில் சுருண்டு கிடந்தாள்.

அவர் மனைவி நர்ஸ். காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டியபடியே சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“சரியா பன்னெண்டு மணிக்கு மருந்து. அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுதுட்டு பிள்ளைய மறந்துடாதீங்க.”

“நான் என்ன அப்படிப்பட்டவனா?”

“அப்படிப்பட்டவர்தான்.”

ஃபோன் அடித்தது. பல் டாக்டர். இந்த ஊரில் இவரைத் தவிர இருக்கும் ஒரே ஹாம், ஆறு வருஷப் போட்டியாளர். ஒவ்வொரு வருஷமும் அவர்தான் ஜெயிக்கிறார், ஜெயித்ததை அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

“என்ன ஹலோ, உனக்கும் செத்துப்போச்சா? சூரியன்ல பெரிய வெடிப்பாம்யா. வெயில் அடிக்கிற பக்கம் பூரா அலை அவுட்டு. எல்லாரும் கடையக் கட்டிட்டாங்க. எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். போய்ச் சாப்பிடு.”

“ஒருத்தர்கூடவா கேக்கல?”

“வானம்தான் நம்ம குரல வாங்கி வாங்கித் திருப்பி அனுப்பும். அதுவே மூடிக்கிச்சு. இப்ப ஒரு குரல் கேட்டா அது பக்கத்துத் தெருவுல இருந்தாத்தான் உண்டு. நம்ம ரெண்டு பேர விட்டா இங்க யாரு? உன்னவிட ஒரே ஒரு பாயிண்ட் முன்னால இருக்கேன், தெரியும்ல? நிம்மதியாத் தூங்கப் போறேன்.”

ஒரே ஒரு பாயிண்ட். அது ஹலோ சாருக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து போயிருக்கலாம். மனிதர் மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

யாருமே இல்லாத அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. சூடேறிய பெட்டியிலிருந்து வந்த தூசி வாடையும், பக்கத்து அறைக் காற்றாடி சுற்றுக்கு ஒருமுறை போடும் ‘டக்’ சத்தமும், மேஜை விளிம்பில் தன் விரல் தானாகத் தாளம் போடுவதும் தவிர உலகத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை என்பது போல அந்தப் பகல் அசையாமல் நின்றது. மூன்று முறை கூப்பிட்டார். நான்காம் முறை கூப்பிட்டுவிட்டு, மணி பன்னிரண்டு ஆனதைப் பார்த்து, மருந்து கொடுக்க எழுந்தார்.

“கேக்குதா?”

உட்கார்ந்துவிட்டார். வரும் குரலின் பலத்தைக் காட்டும் மீட்டர் முள் லேசாகத் துடித்திருந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். அவசரமே இல்லாத குரல்.

“கேக்குது, கேக்குது! உங்க அழைப்புக் குறி?”

சொன்னது. அவர் எழுதிக்கொண்டார். நாட்டுக்கு ஒரு முன்னெழுத்து உண்டு. இது எந்த நாட்டுக்கும் உரிய எழுத்தாக இல்லை. தலையைச் சொறிந்தார். எதுவானால் என்ன, புள்ளி புள்ளிதானே?

“என் வயசு நாப்பத்தி மூணு. உங்க வயசு?”

பேனாவை ஊன்றிக் காத்திருந்தார்.

“வயசு இல்ல.”

எவனோ விளையாடுகிறான் என்று எரிச்சல் வந்தது. விடவும் மனசு வரவில்லை. “வயசு சொன்னாத்தாங்க பாயிண்ட்டு,” என்றார், கெஞ்சலாகவே.

மறுபடி வந்தபோது முள் பாதி தூரம் ஏறியிருந்தது. அதே பெட்டி, அதே கம்பி. ஆனால் குரல் கிட்டத்தில்.

“அங்க இன்னொருத்தர் இருக்காங்களே. அவங்க வயசச் சொல்லுங்க. நான் வாங்கிக்கிறேன்.”

குடும்பப் பிரிவுப் பட்டியல் இணையத்தில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். விதி ஞாபகத்துக்கு வராமல் இல்லை. அவள்தான் சொல்ல வேண்டும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை எழுப்பவா முடியும்? ஊரே கடையைக் கட்டிவிட்ட நேரத்தில் இதை யார் கேட்கப்போகிறார்கள்?

“ஒன்பது,” என்றார்.

“ஒன்பது. வாங்கிக்கிட்டேன்.” கொஞ்சம் பொறுத்து, “இப்ப எனக்கும் ஒன்பது.”

சொல்லும்போதே அந்தக் குரல் மெலிந்து, இளசாகிக்கொண்டே வந்தது. ஹலோ சார் அதைக் கவனிக்கத்தான் செய்தார். ஆனாலும் கை போய் இரண்டு வயதையும் எழுதியது. தொடர்பு முடிந்தது. பல் டாக்டரைப் பிடித்தாயிற்று.

அப்புறம்தான் முள்ளைப் பார்த்தார்.

கடைசி வரை ஏறி, ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. யாரும் பேசவில்லை. ஆனால் யாரோ மைக்கைப் பிடித்தபடி இருந்தார்கள். மூச்சு கேட்டது. மூச்சுக்குப் பின்னால் வேறொரு சத்தம்.

டக்.

டக்.

காற்றாடி. ஹெட்ஃபோனுக்குள்.

அவர் ஹெட்ஃபோனைப் பாதி கழற்றினார். சுவருக்கு அந்தப் பக்கம், டக். காதுக்குள், டக். இரண்டும் ஒரே நேரத்தில். ஹெட்ஃபோனை மேஜையில் வீசிவிட்டு, நாற்காலி சாய்ந்து விழுந்தது தெரியாமல் ஓடினார். நாலே எட்டுத்தான் அந்த அறை.

வாலு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியபடியே இருந்தது.

“காய்ச்சல் போயிடுச்சுப்பா,” என்றாள்.

நெற்றியைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது. கடவுளே, ஒன்றும் ஆகவில்லை, என் தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்படியே கட்டிக்கொண்டார். மருந்தை ஊற்றி நீட்டினார். மருந்து என்றால் வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை, முகம் சுளிக்காமல் வாங்கி மடமடவென்று குடித்தது. குடித்துவிட்டு அவரைப் பார்த்தது. நெற்றி மட்டுமல்ல. கை ஜில். முதுகு ஜில். கட்டிப்பிடித்திருந்த அவர் மார்பே குளிர்ந்துவிட்டது.

ரேடியோ இருந்த அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மேஜையில் கழற்றிப் போட்ட ஹெட்ஃபோன். கொசு பாடுகிற அளவுக்கு.

மெல்லப் பின்வாங்கினார். திரும்பி நடந்தார். மாட்டிக்கொண்டார்.

முள் அடிவரை இறங்கிக் கிடந்தது, அசையவே இல்லை. அவ்வளவு தூரம்.

“அப்பா?”

மைக்கைப் பாய்ந்து பிடித்தார்.

“அப்பா, இங்க யாருமே இல்லப்பா. இருட்டா இருக்கு. கேக்குதா?”

“கேக்குதுடா! அப்பா இங்கதான் இருக்கேன்! பேசிக்கிட்டே இரு, நிறுத்தாத, பேசிக்கிட்டே இரு!”

“நீங்க ரொம்ப மெதுவா கேக்குறீங்கப்பா. கிட்ட வாங்க.”

பெட்டியின் சக்தியை முழுசாக ஏற்றினார். தொண்டை கிழியக் கூப்பிட்டார். “வாலு! வாலு!” காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அவள் ஏதோ சொல்லி அழுதாள். ஒரு சொல் வந்தது, ஒரு சொல் போனது. வழி கேட்கிறாள் போலிருந்தது. எந்தப் பக்கம் வரணும் என்று கேட்கிறாள்.

அப்போதுதான் இரைச்சல் பொரியத் தொடங்கியது. முதலில் லேசாக. அப்புறம் சட்டி சூடேறுவதுபோல. முக்கால் மணி நேரம் முடிந்திருந்தது. வானம் திறந்துகொண்டது. எங்கிருந்தோ ஒரு குரல். பிறகு இரண்டு. பத்து. சாப்பிட்டுவிட்டு, தூங்கிவிட்டு, எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

“நிறுத்துங்க! யாரும் பேசாதீங்க! என் பொண்ணு! தயவுசெஞ்சு...”

இவ்வளவு பலமாக ஒரு நிலையம் கூப்பிட்டால் விடுவார்களா? நூறு பேர் அவருக்கே பதில் சொன்னார்கள். இருநூறு பேர். உற்சாகமாக, முட்டித் தள்ளிக்கொண்டு, ஆளுக்கு ஒரு வயதாக. முப்பத்தி ஆறு. அறுபத்து ரெண்டு. பத்தொன்பது. அதற்கெல்லாம் அடியில், அப்பா. அதற்கும் அடியில், அப்.

கண்ணை மூடி, ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். இருந்தாள். இன்னும் இருந்தாள். பிடித்துவிடலாம்.

முதுகில் குளிர் பட்டது. தோளுக்கு மேலாக ஒரு சின்னக் கை நீண்டு வந்து, அவசரமே இல்லாமல், ஒலியளவுக் குமிழைப் பிடித்தது.

“போதும்ப்பா,” என்று வாலுவின் குரல் பின்னாலிருந்து சொன்னது. “அம்மா வர்ற நேரமாச்சு.”

குமிழ் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது.