அஞ்சக் கற்ற நாரைகள்

கையிலிருந்த எல்லைவளை மூன்றாம் முறை அதிர்ந்ததும் செண்பகவடிவு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வாசலிலிருந்து நாற்பது அடி. அதற்கு மேல் யாரும் போகக்கூடாது. மூச்சில் பரவும் அந்தக் காய்ச்சல் வந்து இது மூன்றாவது ஆண்டு.

கொறுக்கன்குளம் அவள் வீட்டுக்குப் பின்னால் அரை கிலோமீட்டரில்தான் கிடந்தது. பத்தொன்பது வருடம் அதன் பறவைக் காவலராக இருந்தவள், இப்போது தொலைக்கண் வழியாகத்தான் அதைப் பார்த்தாள். குளத்துக்குள் நட்ட கம்பங்களில் இருந்த அந்தக் கருவிகள், அவள் அறைச் சுவர் முழுக்கக் குளத்தை விரித்துக் காட்டின. நாரைக் குஞ்சின் அலகில் ஒட்டிய மீன் செதில்கூடத் தெரியும். வாடைதான் வராது. எச்சமும் மீனும் சேறும் கலந்த அந்த வாடைக்காகப் பின்கதவைத் திறந்துவைத்து, காற்று திரும்புமா என்று எத்தனையோ மத்தியானம் நின்றிருக்கிறாள்.

அங்கே கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைகள் அவளுக்கு அஞ்சியதே இல்லை. விழுந்த குஞ்சை எடுத்து அவள் திரும்பக் கூட்டில் வைக்கும்போது தாய்நாரை ஓரடி நகர்ந்து இடம் கொடுக்கும். காக்கி உடுப்பு என்றால் அவற்றுக்கு வடிவுதான்.

இதை வேறொருவனும் கவனித்திருக்கிறான்.

மாசி மாதம் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குச் சுவரில் காக்கி அணிந்த ஒரு ஆள் தெரிந்தான். கையில் வளை இல்லை. முழங்கால் தண்ணீரில் நிதானமாக நடந்து வந்து, தாழ்ந்த கிளைகளில் அடைகாத்திருந்த நாரைகளைக் கத்தரிக்காய் பறிப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பறித்துச் சாக்கில் போட்டான். ஒன்றுகூடப் பறக்கவில்லை. பதினோராவது நாரை எழுந்து ஓரடி நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தது.

வடிவு சுவரைப் பார்த்துக் கத்தினாள். கத்தி என்ன செய்ய? காவலர்கள் அனுமதி பெற்று வந்து சேர நான்கு மணி நேரம் ஆனது.

அன்று மாலையே தூத்துக்குடியில் இருந்த ரெக்ஸ்லினைக் கூப்பிட்டாள். தொலைக்கண்களைப் பராமரிக்கும் இளம் பொறியாளர் அவள். ரெக்ஸ்லினிடம் ஒரு யோசனை இருந்தது. ஆள் உயரத்தில் ஒரு நடைப்பாவை. முகத்தை, உடுப்பை, நடையை மாற்றிக்கொள்ளும். அதன் கையில் செத்த நாரைபோல ஒரு பொம்மை தொங்கும். நெஞ்சுக்குள்ளிருந்து, அதே குளத்தில் அடையும் வக்கா என்ற இராக்கொக்கின் அபாயக் குரல் வரும். செத்த பறவையைத் தூக்கிக்கொண்டு வந்த முகத்தைப் பறவைகள் மறப்பதில்லை. பெற்றவை பதறிப் பறப்பதைப் பார்த்துக் குஞ்சுகளும் கற்றுக்கொள்ளும். அப்புறம் அவற்றுக்கு அவையே காவல் என்று ரெக்ஸ்லின் விளக்கினாள்.

அறுநூறு முகங்கள் தயாராயின. ஒன்றுதான் பாக்கி.

“உங்களை மட்டும் விட்டுரலாம்க்கா,” என்றாள் ரெக்ஸ்லின். “நாளைக்கு உள்ள போக ஒரு ஆள் வேணும்லா.”

வடிவு சுவரில் காலியாகக் கிடந்த கூடுகளைப் பார்த்தாள்.

“ஒரு வழிய விட்டா அந்த வழியாத்தான் வருவான். இப்பவும் அப்படித்தான வந்தான். என்னையும் போட்டுரு.”

அவள் நடையைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கருவியின் முன்னால், அறைக்குள்ளேயே ஒரு மணி நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

பிறகு சுவரில் தன்னையே பார்த்தாள். அதே காக்கி, இடது காலை லேசாக இழுத்துப் போடும் அதே நடை, கையில் தலை தொங்கிய நாரை. முதல் நாள் பறவைகள் எழவில்லை. வக்காவின் குரல் கேட்டும், பாவையின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டன. “போங்களேன்,” என்று அவள் மெல்லச் சொன்னாள். நான்காம் நாள் பாதி பறந்தன. பத்தாம் நாள் பாவை கரையேறியதுமே குளம் மொத்தமும் எழும்பியது. அவள் ரெக்ஸ்லினுக்கு, “படிச்சிட்டுது,” என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பினாள்.

அடுத்த பருவத்தில் நாரைகள் ஆழத்தில் நின்ற மரங்களுக்குக் கூட்டை மாற்றிக்கொண்டன. சாக்கோடு இரண்டு முறை ஆட்கள் வந்தார்கள்; வெறும் சாக்கோடு போனார்கள்.

இன்னும் ஓராண்டு கழித்து வளைகள் கழற்றப்பட்டன. ஊரே பேருந்து பிடித்து உறவுகளைப் பார்க்கப் போனது. வடிவு காக்கியைத் துவைத்து உடுத்திக்கொண்டு குளத்துக்குப் போனாள். பாதி வழியிலேயே வாடை வந்தது. நின்று, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டாள்.

கரையின் மேல் அவள் தலை தெரிந்த மறுகணம் குளம் வெடித்ததுபோல் எழும்பியது. அவளை வருடக்கணக்காக அறிந்த கிழநாரைகளும், பாவையின் முகத்தில் தவிர அவளைக் கண்டிராத இளசுகளும் சேர்ந்தே பறந்தன. கூடுகளில் குஞ்சுகள் மட்டும் வெயிலில் கிடந்தன. இரண்டு காகங்கள் அவற்றை நோக்கி இறங்கின. அதைக் கண்டதும் அவள் திரும்பினாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். தான் எவ்வளவு சீக்கிரம் மறைகிறோமோ அவ்வளவு சீக்கிரம் அவை திரும்பும்.

விவரம் கேட்ட ரெக்ஸ்லின் தானே ஒரு வழி சொன்னாள். பாவையின் கையில் மீனைக் கொடுத்து, வடிவின் முகத்தை மட்டும் மறுபடி பழக்கிவிடலாம். ஒரு பருவம் போதும்.

வடிவு ஒருநாள் அவகாசம் கேட்டாள். அன்றிரவு, திருடனுக்கு இடம் கொடுத்த அந்தப் பதினோராவது நாரையின் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குளத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு மனிதர் யாரும் நுழையக்கூடாது என்று துறைக்கு எழுதினாள். பறவைக் காவலரும் இதில் அடக்கம் என்று தன் கையாலேயே சேர்த்தாள். துறை அப்படியே ஏற்றுக்கொண்டது.

ஊர் திறந்து கிடந்தது. வடிவு அறைக்குள் சுவரின் முன் உட்கார்ந்திருந்தாள். உச்சிவெயிலில் ஒரு தாய்நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்தது. அதில் ஒன்று கூட்டின் விளிம்புக்கு வந்து, தள்ளாடி, முதல்முறையாக எழுந்து நின்றது. விழுந்துவிடும் என்று பதறிக் கையை நீட்டினாள். விரல்கள் சுவரில் பட்டன. குஞ்சு அவளை நேருக்கு நேர் பார்த்தது. கொஞ்சமும் அஞ்சவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அதற்கு மனிதர் யாரும் தெரியவில்லை.