ஈரச் சாக்கு

பெருமாள்சாமியின் தென்னந்தோப்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பதினோரு மணி. நாகல் நகரில் ஜெனரேட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வத்தலக்குண்டு ரோட்டில் தோப்பு, நடுவில் குளம், குளத்தில் கேரளாவிலிருந்து லாரியில் ஏற்றி வந்த பழைய படகு. அதில் ஒரு ஏசி அறை. எருமை குளிப்பாட்டுகிற குளத்தில் ஏசி படகு விட்ட மகாராஜா இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். விருந்துக்கு வருபவர்கள் முகத்துக்கு நேரே புகழ்ந்துவிட்டு, காரில் ஏறியதும் சிரிப்பார்கள்.

"ஏலே சிலுவைமுத்து, ஜெனரேட்டரு பத்து நிமிசத்துல தானா நின்னுபோகுது. சாயங்காலம் என் பேத்தி கீர்த்தனாவுக்குப் பொறந்தநாளு. பன்னெண்டு புள்ளைக அந்த ரூமுக்குள்ளதான் கேக் வெட்டப் போகுதுக. சீக்கிரம் பாரு."

ஏசி அறைக்குப் பின்னால் ஒரு மர அடைப்புக்குள் ஜெனரேட்டர் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒற்றைப் பலகைதான். அதன் இடுக்கில் என் விரல் நுழைந்தது. சத்தம் கேட்கக் கூடாதென்று புகைக்குழாயைச் சுற்றி ஒரு சாக்கைக் கட்டியிருந்தார் அந்த மேதை. சாக்கு காய்ந்து பற்றிக்கொள்ளாமல் அதன்மேல் குளத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றுவதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். பெயர் நாச்சிமுத்து. போன மாதம் ஒரு மதியம் ஏசி அறையில் கொஞ்சம் கண்ணயர்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை.

குடித்துச் செத்தான் என்று பெருமாள்சாமி ஊரெல்லாம் சொன்னார். நாச்சிமுத்து வருடம் தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவன். வெற்றிலைகூடப் போடாதவன்.

அவன் மனைவி மாயம்மாள் கரையில் தென்னை மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் படகைப் பார்த்துவிட்டுக் கரையில் இறங்கியதும் மெதுவாகக் கேட்டாள்.

"குடிச்சவுக மொகம் அப்பிடி இருக்குமாண்ணே? ரோசாப்பூவாட்டம் செவந்து கெடந்துச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. பெருமாள்சாமியிடம் சொன்னேன்.

"பொகை கொன்னுருக்கு முதலாளி. வாடையே தெரியாம தூங்க வச்சுரும். ஜெனரேட்டர வெளிய மேல்தட்டுல வைங்க."

"அந்தச் சத்தத்துல புள்ளைக பாட்டு எப்பிடிக் கேக்கும்? நீ என்ன டாக்டரா? ரிப்பேரப் பாருடா."

சாயங்காலப் பவனிக்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். நான் மூங்கில் கழியை ஊன்றிப் படகை நடுக்குளத்துக்குத் தள்ளினேன். படகில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

கயிற்றை இழுத்தேன், ஓடியது. பக்கத்திலேயே நின்றபோது ஒரு குறையும் இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஏசியைப் பார்த்தேன். தலை லேசாக வலிக்கத் தொடங்கியபோது ஜெனரேட்டர் நின்றது. வெளியே வந்து பார்த்தால் சுவிட்ச் அணைந்திருந்தது. முதலாளி படகின் முன்பக்கம் நாற்காலியில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மறுபடி ஓட்டினேன். மறுபடி உள்ளே போனேன். மறுபடி நின்றது.

இந்த முறை சுவிட்சின்மேல் ஈர விரல் தடம் இருந்தது.

"உள்ள ஆள் இருந்தா அணைக்கிறான் முதலாளி," என்றேன்.

"எவன்?"

"நாச்சிமுத்து."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உசுரோட இருக்கையில ஒழுங்கா வேலைக்கு வராத பய, செத்தப்புறம் வாரானாக்கும். நானே உள்ள உக்காருறேன். எவன் அணைக்கிறான்னு பாப்போம்."

"வேணாம் முதலாளி."

அவர் போய் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். "ஓட்டுடா" என்று உள்ளிருந்து அதட்டினார், கயிற்றை இழுத்தேன்.

பத்து நிமிடம் ஆனது.

ஜெனரேட்டர் நிற்கவில்லை.

நான் சுவிட்சை அணைத்தேன். ஓடியது. பிளக் வயரைப் பிடுங்கினேன். ஓடியது. பெட்ரோல் குழாயைக் கழற்றிக் குளத்தில் எறிந்தேன். சத்தம் கொஞ்சமும் மாறவில்லை.

காய்ந்து கிடந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. யாரோ இப்போதுதான் மொண்டு ஊற்றியதுபோல.

"முதலாளி, தாழ்ப்பாளத் தெறங்க."

உள்ளே குறட்டை கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

கழியால் கதவுக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கினேன். கதவு திறந்த அதே நொடியில் பின்னால் சுவிட்ச் 'டக்' என்றது. ஜெனரேட்டர் நின்றது.

பெருமாள்சாமியின் முகம் ரோஜாப்பூவாகச் சிவந்திருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அவர் அவ்வளவு லட்சணமாக இருந்ததே இல்லை.

நெஞ்சுவலி என்று வீட்டார் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் அன்று அவரவர் வீட்டில் இருந்தார்கள். எனக்கு அது போதும், அந்த மனிதருக்காக நான் அழவில்லை. மாயம்மாள் மட்டும் கேட்டாள். "மொகம் எப்பிடிண்ணே இருந்துச்சு?" சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மட்டை பொறுக்கப் போய்விட்டாள்.

நேற்று மதியம் நாகல் நகரில் நல்ல மழை. சாரல் அடிக்கிறதென்று கடை ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, யாருடையதோ ஒரு ஜெனரேட்டரை உள்ளேயே ஓடவிட்டுச் சோதித்தேன். இருபது வருடத் தொழில்காரன், அந்த ஆளைவிடப் பெரிய முட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிட்டது.

'டக்' என்ற சத்தத்தில் விழித்தேன். தலை விண்விண் என்று தெறித்தது. ஜெனரேட்டர் நின்றிருந்தது. தவழ்ந்து போய் ஷட்டரைத் தூக்கினேன்.

வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தேன். சுவிட்சின்மேல் ஈர விரல் தடம் இருந்தது.