ஒரு பொய்கூட சொன்னதில்லை!

"ஐயோ..!"

அலறியது ஆயா. கிளினிக் வாசலில் வாட்ச்மேன் செத்துக் கிடந்தார். பக்கத்தில் டாக்டரின் ஃப்ளாஸ்க்!

காபியில் விஷம்.

"திருட்டுத்தனமா ஒரு வாய் குடிச்சிருக்கார். குறி உங்களுக்குத்தான் டாக்டர்!" என்றார் இன்ஸ்பெக்டர். "ஃப்ளாஸ்க்கை யார் யார் தொட்டாங்க?"

"என் மனைவி காபி போட்டா. ஜூனியர் எடுத்துட்டு வந்தான்."

டாக்டர் மனோதத்துவ மேதை. ஐந்நூறு கேள்விகளில் மனிதனின் குணத்தை எடை போட்டுவிடுவார். விசிட்டிங் கார்டு அப்படித்தான் சொன்னது.

"ஜூனியரை என் டெஸ்ட் வெச்சுத்தான் எடுத்தேன் சார். நேர்மைல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு!"

"மனைவி?"

"அவளுக்கு வெச்சதில்ல..." டாக்டர் நிமிர்ந்தார். "நாளைக்கு ரெண்டு பேருக்கும் வெக்கிறேன். உங்க முன்னாடியே!"

மறுநாள். முதலில் ஜூனியர்.

"எப்பவாவது பொய் சொன்னதுண்டா?"

"நிறைய சார். லீவு கேக்கும்போதெல்லாம்."

"பொறாமை?"

"உங்க கார் மேல உண்டு சார்."

டாக்டர் பூரித்துப்போனார்.

அடுத்து மனைவி.

"பொய்?"

"ஒண்ணுகூட சொன்னதில்லீங்க."

"கோபம்?"

"வந்ததே இல்ல."

டாக்டரின் பேனா நின்றது. காலையில்தான் டி.வி. ரிமோட்டை அவர் தலைக்குக் குறிபார்த்து வீசியிருந்தாள்!

"இன்ஸ்பெக்டர்... இது பொய்யைப் பிடிக்கிறதுக்குன்னே வெச்ச கேள்வி. பொய்யே சொன்னதில்லன்னு சாதிக்கிறவங்க எதையோ மறைக்கிறாங்க..." மனைவி பக்கம் திரும்பினார். "இருபது வருஷம்... நீயாடி?"

அவள் கணவரைப் பார்க்கவே இல்லை; ஓரமாய் நின்ற ஜூனியரை முறைத்தாள்.

"டேய்! இப்படிச் சொன்னா நல்ல மார்க் வரும்னு ராத்திரி போன்ல சொல்லிக் குடுத்தியே... என்னை மாட்டிவிடத்தானா?"

ஜூனியர் பின்வாங்கினான். "மேடம், என்ன உளர்றீங்க?"

"மேடமா? நேத்து வரைக்கும் செல்லம், இன்னைக்கு மேடமா? விஷம் வாங்கிட்டு வந்தது நீ! கலக்கினது மட்டும்தானேடா நான்!"

ஜூனியர் கதவை நோக்கிப் பாய்ந்தான். வாசலில் காவலுக்கு நின்ற ஏட்டய்யாவின் தொப்பையில் மோதி நின்றான்.

டாக்டர் நாற்காலியில் சரிந்தார். மனைவி போனாள், மகனாக நினைத்தவனும் போனான். அவர் முனகியது வேறு...

"ஆனா... தொண்ணூத்தெட்டு மார்க் சார்!"

இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டினார்.

"உங்க டெஸ்ட் ரொம்பச் சரி டாக்டர். மீதி ரெண்டு மார்க்தான் விஷம் வாங்கப் போயிருக்கு!"